ரெகுலேட்டருக்கு முன்னா, பின்னா? கேம்பர் வேனில் கூடுதல் புரொப்பேன் இணைப்பு

வட அமெரிக்காவில் ஓடும் கேம்பர் வேன்களில் பெரும்பாலானவை ராம் புரோமாஸ்டர், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபோர்டு டிரான்சிட் போன்ற சரக்கு வேன்களை வீடாக மாற்றியவை. உள்ளே ஒரு படுக்கை, ஒரு சமையல் மேடை, சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ், வெந்நீருக்கு ஒரு ஹீட்டர், குளிருக்கு ஒரு ஹீட்டர். இவற்றில் பலவற்றுக்கும் எரிபொருள் புரொப்பேன். வண்டியின் அடியில், சேஸியோடு சேர்த்துப் பூட்டிய ஒரே ஒரு டேங்கிலிருந்து அது வருகிறது. இடம் குறைவு என்பதால் டேங்கும் சிறியது. 7 கேலன் என்று எழுதியிருந்தால் அதில் 5.6 கேலன்தான் நிரப்ப முடியும்.

வார இறுதிப் பயணத்துக்கு இது போதும். குளிர்காலத்தில் ஒரே இடத்தில் பத்து நாள் தங்கும்போது சிக்கல் வருகிறது. டேங்க் வண்டியோடு பிணைந்திருப்பதால் கேஸ் தீர்ந்தால் அதை மட்டும் கழற்றி எடுத்துப் போக முடியாது. விரித்த கூடாரத்தையும் நாற்காலிகளையும் சுருட்டி வைத்துவிட்டு வண்டியையே நிரப்பும் இடத்துக்கு ஓட்டியாக வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் வெளியே ஒரு சிலிண்டரை வைத்து அதை வண்டியின் குழாயோடு சேர்க்கும் ஏற்பாடு. அடுப்பை வெளியே வைத்துச் சமைக்க விரும்புகிறவர்கள் இதற்கு எதிர்த்திசையில், வண்டியின் கேஸை வெளியே எடுக்க ஒரு முனை கேட்பார்கள். இரண்டுக்கும் வேண்டிய பொருள்கள் கடையில் எளிதில் கிடைக்கும். வேலையைத் தொடங்கும் முன் தெளிய வேண்டியது ஒன்றே: புதிய இணைப்பு ரெகுலேட்டருக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? எந்த ஹோஸ், எந்த மரை, எந்த அடுப்பு, எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் இந்த ஒரு விடையைப் பொறுத்தே அமையும்.

புரொப்பேனின் குணம்

இந்தியச் சமையலறைக்கு வரும் எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. வட அமெரிக்க வேன்களில் நிரப்புவது ஏறக்குறைய முழுக்கப் புரொப்பேன். காரணம் குளிர். பியூட்டேன் சுமார் 0 டிகிரி செல்சியஸில் ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி என்பதால் பனி கொட்டும் இரவிலும் அது ஆவியாகி அடுப்புக்கு வரும்.

சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கிறது. திரவத்தின் மேல் இருக்கும் காலியிடத்தில் ஆவி நிற்கிறது. வால்வு திறந்ததும் வெளியேறுவது அந்த ஆவிதான். ஆவி போகப் போகத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். கொதிக்க வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் திரவம் சிலிண்டரின் தகட்டிலிருந்தும், தகடு சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பெரிய ஹீட்டர் ஒன்றைச் சிறிய சிலிண்டரில் ஓட்டினால் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்துப் பனி படிவது இதனால்தான். கடுங்குளிரில், கால்வாசி மட்டுமே மிச்சமிருக்கும் சிலிண்டரில், உள்ளே கேஸ் இருந்தும் ஹீட்டர் அணைந்து போகும். திரவம் குறைந்தால் அதைத் தொடும் தகட்டின் பரப்பும் குறைகிறது; ஆவியாகும் வேகம் ஹீட்டரின் தேவையை எட்டுவதில்லை.

வெயிலில் நிலைமை நேர்மாறானது. வெப்பம் ஏறினால் திரவ புரொப்பேன் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். அதற்கு இடம் விடவே எந்தச் சிலிண்டரையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. 1 கேலன் திரவத்தின் எடை சுமார் 4.2 பவுண்டு, அதை எரித்தால் கிடைப்பது சுமார் 91,500 பி.டி.யூ. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பம்.

கசிந்தால் என்ன ஆகும் என்பதும் இதன் குணத்திலேயே இருக்கிறது. புரொப்பேன் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அது மேலே போகாது; தரையில் படர்ந்து, பள்ளத்தில், கட்டிலுக்கு அடியில், அலமாரியின் மூலையில் தேங்கும். காற்றில் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே பற்றிக்கொள்ளும் நிலை வந்துவிடும். தனக்கென்று வாசனை இல்லாத இந்த வாயுவில் எத்தில் மெர்கேப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலந்தே விற்கிறார்கள். 1937-ல் டெக்சாஸின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் வாசனையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது அதற்குப் பிறகுதான்.

ஒரே குழாயில் இரண்டு அழுத்தங்கள்

சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை நிர்ணயிப்பது வெப்பநிலை. 21 டிகிரியில் அது 100 பி.எஸ்.ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) மேல், 38 டிகிரியில் 170-ஐயும் தாண்டும். கார் டயரில் இருப்பது 35 பி.எஸ்.ஐ. அளவுதான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் வலு புரியும்.

வண்டிக்குள் இருக்கும் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் வேண்டியது இதில் ஒரு துளி. அதை அளக்க பி.எஸ்.ஐ. கூடப் பெரிய அலகாகிவிடுவதால், நீரை எத்தனை அங்குலம் உயர்த்தும் என்று கணக்கிடுகிறார்கள். வட அமெரிக்க வேன்களில் அது 11 அங்குல நீர் உயரம். பி.எஸ்.ஐ. கணக்கில் 0.4. இந்தியச் சமையலறை ரெகுலேட்டர் தரும் அழுத்தமும் ஏறக்குறைய இதே அளவுதான்.

நூற்றுக்கு மேலான அழுத்தத்தை 0.4-க்கு இறக்கும் வேலையை ரெகுலேட்டர் செய்கிறது. வேனில் இருப்பது இரண்டு கட்ட ரெகுலேட்டர். முதல் கட்டம் அழுத்தத்தைச் சுமார் 10 பி.எஸ்.ஐ-க்குக் கொண்டுவரும், இரண்டாம் கட்டம் அதை 11 அங்குலமாக்கும். டேங்க் வெயிலில் காய்ந்தாலும் பனியில் உறைந்தாலும் அடுப்பின் தீ ஒரே அளவில் நிற்பதற்கு இந்த இரட்டை அமைப்பே காரணம்.

ஆக, டேங்கிலிருந்து ரெகுலேட்டர் வரை உயர் அழுத்தப் பக்கம். ரெகுலேட்டரிலிருந்து அடுப்பு வரை தாழ் அழுத்தப் பக்கம். வெளியிலிருந்து கேஸை உள்ளே கொண்டுவரும் இணைப்பு உயர் அழுத்தப் பக்கத்தில், ரெகுலேட்டருக்கு முன்னால் வர வேண்டும். வேனின் அழுத்தத்திலேயே ஓடும் வெளி அடுப்புக்கான முனை தாழ் அழுத்தப் பக்கத்தில், ரெகுலேட்டருக்குப் பின்னால் வர வேண்டும். தாழ் அழுத்தக் குழாயில் சிலிண்டரை நேரடியாகச் சேர்த்துவிட்டால், அரை பி.எஸ்.ஐ-க்கும் குறைவான அழுத்தத்துக்காகச் செய்த அடுப்பு வால்வுகளின் மேல் நூறு பி.எஸ்.ஐ. வந்து மோதும். இந்த வேலையில் நேரக்கூடிய மிக மோசமான தவறு இதுதான்.

எவ்வளவு கேஸ் வேண்டும்

கூடுதல் சிலிண்டர் எத்தனை பெரியது என்பதைப் பயன்பாட்டைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். வெளிக்கொல்லை கிரில் அடுப்புகளில் காணும் 20 பவுண்டு சிலிண்டர் அங்கே எங்கும் கிடைப்பது. அதில் கொள்ளும் அளவு சுமார் 4.7 கேலன், வெப்பக் கணக்கில் 4,30,000 பி.டி.யூ.

மணிக்கு 16,000 பி.டி.யூ. எரிக்கும் அறை ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டினால் இது 27 மணி நேரம் வரும். தெர்மோஸ்டாட் அதை மணிக்கு இருபது நிமிடம் மட்டும் எரியவிடுவதாகக் கொண்டால் 80 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர இரவுகள் பத்து. கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் மணிக்கு 1,200 பி.டி.யூ. அளவில் எடுப்பதால் அது மட்டும் என்றால் இரண்டு வாரம் தாங்கும். 7,000 பி.டி.யூ. பர்னர் ஒன்றை நாளைக்கு ஒரு மணி நேரம் எரித்துச் சமைத்தால் இரண்டு மாதம். கேஸைத் தின்பது குளிர்தான், சமையல் அல்ல. கோடையில் மட்டும் பயணம் போகிறவர்களுக்குக் கூடுதல் சிலிண்டரே தேவைப்படாமல் போகலாம்.

20 பவுண்டு சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது மொத்த எடை 37, 38 பவுண்டு, அதாவது 17 கிலோ. வேனில் இது பெரிய சுமை. வைக்கவும் இடம் தேட வேண்டும். அதனால் பலர் 11 பவுண்டு அல்லது 5 பவுண்டு சிலிண்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தச் சிறியவற்றைக் கடை வாசல் கூண்டுகளில் காலியைக் கொடுத்து மாற்றிக்கொள்ள முடியாது. நிரப்பித்தான் வாங்க வேண்டும். கூண்டில் மாற்றித் தரும் 20 பவுண்டு சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டேங்க் வேறு, சிலிண்டர் வேறு

வண்டியடியில் நிலையாகப் பூட்டியிருப்பது ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி செய்த டேங்க். கையில் தூக்கிச் செல்வது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி செய்த டி.ஓ.டி. சிலிண்டர். டேங்க்குக்குக் காலாவதித் தேதி கிடையாது. துருவும் அடியும் படாமல் இருக்கிறதா என்று பார்த்துவருவது போதும். சிலிண்டர் அப்படியல்ல. அதன் கழுத்துப் பட்டையில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அமெரிக்காவில் 10 முதல் 12 ஆண்டுக்குள்ளும், கனடாவில் 10 ஆண்டிலும் மறுசோதனை செய்து முத்திரை வாங்கியாக வேண்டும். தேதி தாண்டிய சிலிண்டரை நிரப்புகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். பழைய சாமான் விற்பனையில் மலிவாகக் கிடைக்கும் சிலிண்டரில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

அதே பட்டையில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வெறும் சிலிண்டரின் எடை. மற்றது அதில் கொள்ளும் தண்ணீரின் எடை. 20 பவுண்டு சிலிண்டரில் தண்ணீர் எடை 47.6 பவுண்டு என்றிருக்கும். அதில் 42 சதவீதம் கணக்கிட்டால் 20 பவுண்டு வரும். அந்தச் சிலிண்டரின் பெயர் பிறந்தது அங்கிருந்துதான். வெறும் எடை தெரிந்தால் ஒரு தராசு போதும், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

கைப்பிடி முக்கோண வடிவில் இருந்தால் அந்த வால்வுக்குள் அதிகம் நிரம்பாமல் தடுக்கும் மிதவை இருக்கிறது என்று பொருள். 4 முதல் 40 பவுண்டு வரையுள்ள சிலிண்டர்களில் இந்த அமைப்பு இல்லாதவற்றை நிரப்புவது 2002 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் நின்றுவிட்டது.

நிறுத்தி வைக்கச் செய்த சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தவே கூடாது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். திரவம் ஆவியாகும்போது அதன் கன அளவு 270 மடங்கு பெருகும். அடுப்பில் தீ சீறி எழும். கிடைமட்டமாகவே பயன்படுத்தச் செய்த சிலிண்டர்கள் தனியாகக் கிடைக்கின்றன. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அவற்றில் குறித்திருப்பார்கள்.

சிலிண்டருக்கு இடம்

வேனுக்குள் படுக்கைக்கு அடியிலோ அலமாரியிலோ சிலிண்டரை வைப்பது கூடாது. அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டும் விதி நூல் என்.எஃப்.பி.ஏ. 1192. அதன்படி சிலிண்டர் பெட்டி உள்ளறையிலிருந்து ஆவி புகாதபடி அடைபட்டிருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கசியும் கேஸ் வெளியே இறங்கப் பெட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். அந்தத் துளை சைலன்ஸர் குழாய்க்கோ ஹீட்டரின் புகைவாய்க்கோ பக்கத்தில் வரக் கூடாது. பேட்டரி, சுவிட்ச், மின்சார மோட்டார் போன்ற பொறி கிளம்பும் எதற்கும் அந்தப் பெட்டிக்குள் இடமில்லை.

பின்பம்பரில் பூட்டுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பின்னால் வரும் வண்டி மோதினால் முதல் அடி வாங்குவது அந்த இடம் என்பதால் விதி நூல் அதை ஏற்பதில்லை. முழுதாக அடைபட்ட, அடியில் துளையுள்ள பெட்டியைக் கட்ட இடமில்லாத வேனுக்கு உகந்த வழி, சிலிண்டரை முகாமில் மட்டும் பயன்படுத்துவது. வண்டி நின்றபின் சிலிண்டரை வெளியே சமதரையில் வைத்து ஹோஸை மாட்டிக்கொள்ளலாம், கிளம்பும்போது கழற்றிவிடலாம். பெரும்பாலான கேம்பர் வேன்களில் நடப்பது இதுதான்.

உயர் அழுத்தப் பக்கத்தில் ஒரு டீ

வெளிச் சிலிண்டரைச் சேர்க்க வேண்டிய முக்கியப் பொருள் பித்தளையில் செய்த நான்கு வாய் டீ, அதாவது குழாயைக் கிளைகளாகப் பிரிக்கும் இணைப்பு. ஹோஸோடு சேர்த்துக் கிட்டாக விற்கிறார்கள். தங்கும் நாளை நீட்டிப்பது என்ற பொருளில் எக்ஸ்டெண்ட்-எ-ஸ்டே என்று வழங்குகிறது. டேங்க் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே இது உட்காரும். நான்கு வாய்களின் வேலை இப்படி:

முதல் வாய் டேங்க் வால்வில் ஏறும். இரண்டாவதில் ரெகுலேட்டர் மாட்டும். மூன்றாவதில் வெளிச் சிலிண்டரிலிருந்து வரும் ஹோஸ். நான்காவது, முகாம் அடுப்புகளுக்கு விற்கும் ஒருமுறைப் பயன்பாட்டு ஒரு பவுண்டு பச்சைச் சிலிண்டரில் இருக்கும் அதே அளவு மரை கொண்ட வாய். உயர் அழுத்தத்தில் ஓடும் முகாம் அடுப்பையோ சிறு ஹீட்டரையோ அதில் சேர்க்கலாம்.

வேலை தொடங்கும் முன் டேங்க் வால்வை மூடிவிட்டு, உள்ளே ஒரு பர்னரைக் கொளுத்திக் குழாயில் மிச்சமிருக்கும் கேஸை எரித்துத் தீர்க்கிறார்கள். தீ தானாக அணைந்ததும் எல்லா அடுப்புகளையும் மூடிவிட்டு ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும். டேங்க் வால்வில் இருப்பது பி.ஓ.எல். என்னும் பழைய வகை மரை. இது இடது மரை. வழக்கத்துக்கு எதிராக, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரை வைத்து முழு பலத்தையும் போட்டு இறுக்கி, வால்வையே சேதப்படுத்துவது உண்டு. ஸ்பேனரைத் திருப்பும்போது வால்வின் உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வதும் அவசியம்.

டீ நடுவில் வந்ததும் ரெகுலேட்டர் சில அங்குலம் தள்ளிப் போகும். அதன் எடை முழுக்க டீயில் தொங்கினால் ஓட்டத்தின் அதிர்வில் மரை தளரும். ரெகுலேட்டரைச் சேஸியோடு பிடிக்க ஒரு பட்டை தேவை. ரெகுலேட்டரின் மூச்சுத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்நோக்கினால் மழைநீரும் சேறும் புகுந்து, குளிரில் உறைந்து, ரெகுலேட்டரின் அளவையே கெடுத்துவிடும்.

ஹோஸின் மேல் எல்.பி.-கேஸ் என்றும் 350 பி.எஸ்.ஐ. என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய், காற்றுக் கம்ப்ரஸர் குழாய் எதையும் இங்கே மாற்றாகப் போட முடியாது. புரொப்பேன் சாதாரண ரப்பரை நாளடைவில் அரித்துவிடும். சைலன்ஸரிலிருந்து விலகியும், தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டும் ஹோஸைக் கொண்டுபோக வேண்டும்.

சிலிண்டர் பக்கத்து முனையில் வருவது க்யூ.சி.சி. என்னும் புதிய வகை, பெரிய பிளாஸ்டிக் நட்டோடு இருக்கும். இது வலது மரை. கையால் இறுக்கினாலே போதும். இதில் இரண்டு காவல்கள் உண்டு. தீப்பிடித்துச் சூடேறினால் பிளாஸ்டிக் நட்டு இளகி, சிலிண்டர் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஹோஸ் அறுந்து கேஸ் வேகமாகப் பாய்ந்தால் உள்ளே இருக்கும் தடுப்பு அதைக் கசிவளவுக்குக் குறைத்துவிடும். சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தாலும் இந்தத் தடுப்பு ஏமாந்து மூடிக்கொள்வதுண்டு. அடுப்பில் தீ மங்கலாகத் தெரிந்தால் வால்வை மூடி, சற்றுப் பொறுத்து, மெல்லத் திறந்தால் சரியாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு வால்வு

வெளிச் சிலிண்டரில் ஓட்டும்போது வண்டியின் டேங்க் வால்வு மூடியிருக்க வேண்டும். டேங்கில் ஓட்டும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திறந்து வைத்தால் சூடான பாத்திரத்திலிருந்து குளிர்ந்த பாத்திரத்துக்கு ஆவி போய் அங்கே மறுபடி திரவமாகும். வெயிலில் நிற்கும் சிலிண்டரும் நிழலில் தொங்கும் டேங்கும் இப்படிச் சேர்ந்தால், டேங்க் 80 சதவீதத்தைத் தாண்டி நிரம்பக்கூடும். சில கிட்களில் ஒருவழி வால்வு இருந்தாலும் அதை நம்பி இந்த ஒழுங்கை விடலாகாது. சிலிண்டரைக் கழற்றியபின் திறந்திருக்கும் வாய்களுக்கு மூடி போட வேண்டும். சாலைத் தூசு உள்ளே போனால் முதலில் கெடுவது ரெகுலேட்டர்.

தாழ் அழுத்தப் பக்கத்தில் வெளி முனை

வெளியே சமைப்பதற்கான முனை, ரெகுலேட்டர் தாண்டிய குழாயில் ஒரு டீ போட்டு, ஒரு கைவால்வு வைத்து, குவிக்-கனெக்ட் என்னும் அழுத்தி மாட்டும் வகை முனையோடு முடிகிறது. வண்டியின் பக்கவாட்டில் அடித்தகட்டோரம் இது அமையும். ஹோஸை மாட்டாமல் வால்வு திறக்காதபடியும், வால்வு திறந்திருக்கும்போது ஹோஸ் கழலாதபடியும் செய்த முனைகள் கிடைக்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே நல்லது.

கிரில் வாங்கி இதில் மாட்டியவர்கள் பலரும் சொல்லும் புகார், தீ வரவே மாட்டேன் என்கிறது என்பது. கடையில் விற்கும் கையடக்க கிரிலில் சிறு ரெகுலேட்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அது நூறு பி.எஸ்.ஐ. வரும் என்று எதிர்பார்த்துச் செய்தது. வேனின் ரெகுலேட்டர் முன்னமே 0.4-க்குக் குறைத்த கேஸை அது மேலும் நெரிக்கும். பர்னரில் மெழுகுவத்தி அளவே தீ நிற்கும். கிரிலின் ரெகுலேட்டரை நீக்கி, அதே கம்பெனி விற்கும் தாழ் அழுத்த முனையை மாட்டுவது ஒரு வழி. நீக்க முடியாதபடி உள்ளேயே பொருத்திய அடுப்பாக இருந்தால், டீயின் நான்காவது வாயில், உயர் அழுத்தப் பக்கத்தில் மாட்ட வேண்டும். ரெகுலேட்டர் இல்லாத தாழ் அழுத்த அடுப்பை உயர் அழுத்த வாயில் மாட்டுவதோ ஆபத்து. இரண்டு முனைகளுக்கும் வெவ்வேறு வடிவம் வைத்திருப்பது இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான். அடாப்டர் வாங்கி அந்த வேறுபாட்டை அழித்துவிடக் கூடாது.

உயர் அழுத்த ஹோஸில் சிறு ஹீட்டர்களை ஓட்டும்போது இன்னொரு தொல்லை உண்டு. ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பசை கரைந்து போய் ஹீட்டரின் நுண்துளையை அடைக்கும். இதற்கென்று விற்கும் வடிகட்டியைப் போடலாம். அல்லது முதலிலேயே ரெகுலேட்டர் வைத்து, தாழ் அழுத்தத்தில் ஹோஸை ஓட்டலாம்.

மரையும் அடைப்பும்

கேஸ் இணைப்புகளில் இரண்டு குலம் உண்டு. கூம்பு மரையில் மரையே அடைப்பு. அதன் நுண்ணிய இடைவெளிகளை நிரப்ப கேஸுக்கென்று வரும் பசையோ மஞ்சள் டெஃப்லான் டேப்போ வேண்டும். முதல் ஓரிரு மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் துணுக்குகள் உள்ளே போகாது. ஃபிளேர் இணைப்பில் நிலைமை வேறு. அங்கே செம்புக் குழாயின் விரித்த முனை பித்தளைச் சரிவில் பதிந்து அடைக்கிறது. மரை அதை இறுக்கிப் பிடிக்க மட்டுமே. ஃபிளேரில் டேப் சுற்றினால் பதிவு கெட்டுக் கசியும். பி.ஓ.எல்., க்யூ.சி.சி. இரண்டுக்கும் டேப் தேவையில்லை.

கசிவுச் சோதனை

வேலை முடிந்ததும், பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும், சோப்புத் தண்ணீரை இணைப்புகளின் மேல் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. அம்மோனியா கலந்த சோப்பு பித்தளையில் விரிசல் விடச் செய்யும். அதனால் இதற்கென்று விற்கும் திரவமே நல்லது. தீக்குச்சி உரசிப் பார்ப்பது சோதனையல்ல.

சோப்பு, கண்ணுக்குத் தெரியும் இணைப்புகளை மட்டுமே காட்டும். சுவருக்குள் ஓடும் குழாயை அறிய அழுத்தச் சோதனை வேண்டும். மேனோமீட்டர் என்னும் அழுத்தமானியை அடுப்புப் பக்கத்தில் மாட்டி, குழாயில் 8 அங்குல அழுத்தம் நிற்க வைத்து, டேங்க் வால்வை மூடிவிட்டு 5 நிமிடம் பார்ப்பார்கள். முள் அசையக் கூடாது. ரெகுலேட்டரைச் சோதிக்க, அடுப்பு எரியும்போது 11 அங்குலமும், எல்லாவற்றையும் மூடியபின் 14 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் ஆர்.வி. (பயண வீட்டு வண்டி) பழுதுபார்ப்புக் கடையில் இதைச் செய்துகொள்ளலாம்.

இரண்டு அலாரங்கள்

புரொப்பேன் கீழே தேங்கும் என்பதால் அதன் அலாரம் தரையை ஒட்டி இருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. அது தூங்கும் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டின் உணரியும் காலத்தால் மழுங்கும். எந்த ஆண்டு மாற்ற வேண்டும் என்று பின்புறத்தில் எழுதியிருக்கும். விளக்கு எரிவது மட்டுமே உணரி உயிரோடிருப்பதற்குச் சான்றாகாது.

சமையல் அடுப்பை அறை ஹீட்டராகப் பயன்படுத்தக் கூடாது. வண்டியின் அறை ஹீட்டர் காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியே விடும்; அடுப்போ உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத்தான் தின்னும். சமைக்கும்போது ஒரு ஜன்னலும் கூரை விசிறியும் திறந்திருப்பது நல்லது.

சாலையிலும் நிரப்பும் இடத்திலும்

வண்டி ஓடும்போது எல்லா வால்வுகளும் மூடியிருப்பதே சிறந்தது. சிலிண்டர் நிமிர்ந்து, அசையாமல் கட்டியபடி, வாயில் அடைப்போடு பயணிக்க வேண்டும். பெட்ரோல் நிரப்பும் முன் கேஸ் ஃப்ரிட்ஜின் தீயை அணைத்தாக வேண்டும். சில சுரங்கச் சாலைகளில் புரொப்பேனுக்குக் கட்டுப்பாடு உண்டு; பால்டிமோர் துறைமுகத்தின் இரண்டு சுரங்கங்களில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டரோடு நுழைய முடியாது, சுற்றுச் சாலையில்தான் போக வேண்டும்.

வண்டி டேங்க்கை நிரப்பும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். பைலட் தீ உட்பட எல்லாம் அணைந்திருக்க வேண்டும். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கையில் எடுத்துச் செல்லும் சிலிண்டரை வண்டிக்குள் வைத்தபடியே நிரப்பக் கூடாது. தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும்.

ஒரு பவுண்டு பச்சைச் சிலிண்டர்களை வீட்டில் நிரப்பும் அடாப்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒருமுறை பயன்பாட்டுக்கென்று செய்த இந்தச் சிலிண்டரை நிரப்பிச் சாலையில் கொண்டுபோவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அபராதமும் சிறையும் இருக்கும் என்று அந்தச் சிலிண்டரின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2022-ல் இயற்றிய சட்டத்தின்படி 2028 ஜனவரி முதல் இவற்றை விற்பதே நின்றுவிடும். திரும்ப நிரப்பும்படி செய்த ஒரு பவுண்டு சிலிண்டர்கள் ஏற்கெனவே சந்தையில் உள்ளன; அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு 5 பவுண்டு சிலிண்டர் அதைவிட லாபம்.

வெளிச் சிலிண்டரை மாட்டிக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை. டீயைப் பூட்டுவதும் ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு ஒரு மதியத்தில் முடிந்துவிடும். செம்புக் குழாயை வெட்டிப் புதிய டீ போடுவது, சுவருக்குள் குழாய் இழுப்பது, டேங்க் வால்வையே கழற்றி மாற்றுவது ஆகிய மூன்றையும் சான்று பெற்ற தொழிலாளியிடம் விடுவதே முறை. எந்த வேலையை யார் செய்தாலும், கடைசியாக ஒருமுறை சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே அடுப்பைக் கொளுத்த வேண்டும்.